முப்பது புள்ளி அடிப்பவரை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போங்கள்

2028-ல் லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக். அமெரிக்கக் கூடைப்பந்து அணிக்கு இப்போதே ஆளாளுக்குப் பட்டியல் போடுகிறார்கள். நம் வகுப்பிலேயே மூன்று பேர் போட்டாயிற்று. மூன்றிலும் பாயின்ட் கார்ட் இடத்துக்கு ஒரே சூத்திரம்தான். என்.பி.ஏ.வில் அதிகப் புள்ளி எடுத்தவர்களை மேலிருந்து கீழாக எழுது, முதல் மூன்று பேரைத் தூக்கு. இதற்கு எதற்கய்யா தேர்வுக் குழு? ஒரு எக்செல் ஷீட் போதுமே!

ஆட்டம் பார்க்காதவர்களுக்காக: பந்தைத் தட்டிக்கொண்டு போய், யார் எங்கே நிற்க வேண்டும், பந்து யாரிடம் போக வேண்டும் என்று முடிவு செய்பவர்தான் பாயின்ட் கார்ட். அந்த அணியில் மற்ற நான்கு பேரும் அவரவர் கிளப்பில் ராஜாக்கள். அங்கே ஐந்தாவதாக இன்னொரு ராஜா எதற்கு? பி.காம் முதல் வருடத்தில் ஆரஞ்சுப் பழத்தை வைத்துக் குறைந்துசெல் இறுதிநிலைப் பயன்பாட்டு விதி எழுதினோமே, ஞாபகம் இருக்கிறதா? அதேதான் இது. ஆட்டத்துக்குப் பந்து ஒன்றுதான்.

இது நடக்காத கதை இல்லை. 2004 ஏதென்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய வருடத் தகுதிப் போட்டியில் ஆடிய ஜேசன் கிட் முழங்கால் அறுவை சிகிச்சையால் வர முடியவில்லை. போனவர்கள் ஸ்டெஃபான் மார்பரியும் ஆலன் ஐவர்சனும். இருவருமே பந்து கையில் இருந்தால்தான் ஆடுகிறவர்கள். முதல் ஆட்டத்திலேயே போர்ட்டோ ரிக்கோவிடம் 92-73 என்று அடி வாங்கினார்கள். எதிரணி ஐந்து பேரும் உள்ளே கூட்டமாக நின்று டிம் டங்கனை மூச்சுவிட விடவில்லை. என்.பி.ஏ.வில் தடுப்பவர் வளையத்தடியில் மூன்று வினாடிக்கு மேல் சும்மா நிற்க முடியாது. சர்வதேச விதியில் அந்தத் தடை இல்லை, பாய் போட்டுப் படுக்கலாம். அப்படிப் படுத்தவர்களை எழுப்ப ஒரே வழி வெளியிலிருந்து எறிவது. அன்று மூன்று புள்ளிக் கோடு 6.25 மீட்டரில்தான் இருந்தது, என்.பி.ஏ.வின் 7.24-ஐ விட எவ்வளவோ பக்கம். அப்படியும் 24 முறை எறிந்து விழுந்தது 3. பிறகு லித்துவேனியாவிடமும் தோற்றார்கள், அரையிறுதியில் அர்ஜென்டினாவிடமும் தோற்றார்கள். வெண்கலம்.

"ஸ்பெயினை மார்பரிதானே 31 புள்ளி எடுத்து வீழ்த்தினார்?" என்பீர்கள். ஆமாம், எடுத்தார். அன்றைக்கு அது அமெரிக்க ஒலிம்பிக் சாதனை. அடுத்த ஆட்டத்தில் என்ன ஆயிற்று? ஒருவர் கை சூடாக இருந்தால்தான் ஜெயிப்போம் என்பது லாட்டரிச் சீட்டு சமாச்சாரம்.

இப்போது 2008 பெய்ஜிங். 35 வயது ஜேசன் கிட்டைக் கூட்டிக்கொண்டு போனார்கள். எட்டு ஆட்டத்திலும் சேர்த்து அவர் எடுத்த புள்ளிகள் 13! நம் பட்டியல்காரர்கள் இவரை விமான நிலையத்திலிருந்தே திருப்பி அனுப்பியிருப்பார்கள். ஆனால் எல்லா ஆட்டத்திலும் தொடக்க ஐவரில் அவர்தான். கோபி பிரையன்ட், லெப்ரான் ஜேம்ஸ் போன்றவர்கள் ஓடுகிற பாதையில் பந்து சரியாகப் போய்ச் சேர்ந்தது. அவருக்குப் பின்னால் பெஞ்சிலிருந்து கிறிஸ் பாலும் டெரான் வில்லியம்ஸும் வந்தார்கள். எட்டும் வெற்றி, தங்கம்.

1992 ட்ரீம் டீமை இழுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஐசேயா தாமஸை விட்டுவிட்டார்கள், ஜான் ஸ்டாக்டனுக்குக் கால் எலும்பு முறிவு, மேஜிக் ஜான்சனுக்கு முழங்கால் வலி, அப்படியும் ஜெயித்தார்களே என்கிறார்கள். ஜோர்டனும் பிப்பெனும் பந்தைக் கொண்டுபோனார்கள், சரிதான். ஆனால் அன்று எதிரில் நின்றவர்களில் என்.பி.ஏ.வில் ஆடியவர்கள் ரொம்பக் கொஞ்சம். இன்று அங்கே ஆடும் வெளிநாட்டவர்கள் நூறைத் தாண்டிவிட்டார்கள்.

2023 உலகக் கோப்பை, மணிலா. அமெரிக்காவின் பாயின்ட் கார்டுகள் ஜேலன் பிரன்சனும் டைரீஸ் ஹாலிபர்ட்டனும். இருவருமே அருமையான ஆட்டக்காரர்கள், மறுக்கவில்லை. ஆனால் அரையிறுதியில் ஜெர்மனி 113 புள்ளி எடுத்தது, அமெரிக்கா 111. நூற்றுப்பதினொன்று எடுத்தும் தோற்றால் குறை எறிவதிலா, தடுப்பதிலா? ஜெர்மனியை நடத்தியவர் டென்னிஸ் ஷ்ரோடர். என்.பி.ஏ.வில் கிளப் கிளப்பாக மாறிக்கொண்டே இருந்தவர். தொடரின் சிறந்த வீரர் விருதும் கோப்பையும் அவரோடு போயின. அமெரிக்காவுக்கு நான்காம் இடம்.

அதனால்தான் 2024 பாரிஸ் தேர்வு எனக்குப் பிடித்தது. கவாய் லெனர்ட் விலகியபோது டெரிக் வைட்டை எடுத்தார்கள். அந்த வருட இறுதிப் போட்டியின் சிறந்த வீரர் ஜேலன் பிரவுன் இருக்க இவர் எதற்கு என்று ஒரே கூச்சல். ஜூரூ ஹாலிடேயும் வைட்டும் எதிரணி கார்டுகளைத் துரத்துவதற்கென்றே போனவர்கள். பந்தை நடத்தியது 39 வயது லெப்ரான், சராசரி 8.5 அசிஸ்ட். "கறி செர்பியாவுக்கு எதிராக 36 அடித்தாரே" என்று குதிக்காதீர்கள். ஸ்டெஃபன் கறி பந்தே இல்லாமல் ஓடி ஓடித் தனக்கு இடம் தேடிக்கொள்பவர். அவர் மூலையில் நின்றாலே ஒரு ஆள் கூடவே நின்றாக வேண்டும். அதே சீசனில் என்.பி.ஏ.வில் சராசரி அசிஸ்டில் முதலிடம் பிடித்த ஹாலிபர்ட்டன் பெரும்பாலும் பெஞ்சில்தான். அவரைக் குறை சொல்லவில்லை, அந்த வேலைக்கு ஏற்கெனவே ஆள் இருந்தது, அவ்வளவுதான்.

2028-க்கு என் கணக்கு இது. முதல் ஆள், தான் எறியாமலே நாற்பது நிமிடமும் மற்றவர்களைச் சந்தோஷமாக வைத்திருப்பவர். இரண்டாவது, ஷ்ரோடர் மாதிரி ஆட்களை வியர்க்க வைப்பவர், புள்ளி பூஜ்யமானாலும் பரவாயில்லை. இந்த இரண்டு பெயரையும் எழுதிய பிறகு மூன்றாவது இடத்துக்கு உங்கள் முப்பது புள்ளிக்காரரைக் கூப்பிடுங்கள். அவரிடமும் முதலில் ஒன்று கேளுங்கள்: பந்து கையில் இல்லாதபோது நீங்கள் என்ன செய்வீர்கள்?