பூட்டை உடைப்பதா, திறப்பதா?

ஹல்துமுல்லைப் பகுதிப் பாடசாலை ஆசிரியர்களோடு உரையாடும்போது நான் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றுண்டு. பாமினி எழுத்துருவில் முன்னர் தட்டெழுதி வைத்த வினாத்தாள்களையும் மாணவர் ஆக்கங்களையும் யூனிகோட்டுக்கு மாற்றுவதற்கென ஒருவர் இயற்றித் தந்த மக்ரோ, வேர்ட் செயலியில் இயங்க மறுக்கிறது என்பதே அது. மக்ரோ முடக்கப்பட்டுள்ளது என்னும் அறிவிப்பைக் கண்டதும் சிலர் முயற்சியையே கைவிடுகின்றனர். வேறு சிலர் எல்லா மக்ரோக்களும் தடையின்றி இயங்குமாறு அமைப்பை மாற்றிவிடுகின்றனர். இவ்விரண்டும் தவறு என்பது என் துணிபு.

மக்ரோ என்பது யாது? பன்முறை செய்யவேண்டிய வேலையை ஒரே கட்டளையில் முடித்துத் தரும் சிறு நிரல். பாமினியில் தமிழ் எழுத்துக்கள் ஆங்கில எழுத்துக்களின் இடத்தில் அமர்ந்திருக்கின்றன. அவ்வெழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கிலக் குவியலாகவே தோன்றும். நூறு பக்கங்களை ஒவ்வோர் எழுத்தாக மாற்றப் புகுவோர் சலித்துப்போவர். மக்ரோவுக்கோ அது சிறிது நேர வேலை.

ஆனால் இந்த ஏவலாள் நல்லவர் சொன்னாலும் செய்வான். தீயவர் சொன்னாலும் செய்வான். 1999 மார்ச்சில் பரவிய மெலிசா என்னும் நச்சுநிரல் வேர்ட் கோப்பொன்றின் மக்ரோவிலேதான் ஒளிந்திருந்தது. கோப்பைத் திறந்தவரின் முகவரிப் பட்டியலில் உள்ள 50 பேருக்குத் தன்னைத்தானே மின்னஞ்சலில் அனுப்பிக்கொண்டது. இத்தகைய தொல்லைகள் ஓயாமையினாலேயே, இணையத்திலிருந்து வரும் கோப்புகளின் மக்ரோக்களை மைக்ரோசொப்ட் நிறுவனம் 2022 முதல் தானாகவே தடுக்கலாயிற்று. காவலைக் குறைகூறுவது முறையன்று.

எந்தப் பூட்டு என்றறிந்து அதனை மட்டும் திறத்தலே அறிவுடைமை. மஞ்சள் பட்டை தோன்றினால், கோப்பு நம்பத்தக்கதாயின், அதிலுள்ள 'எனேபிள் கன்டென்ட்' பொத்தானை அழுத்தலாம். செந்நிறப் பட்டை தோன்றினால் கோப்பை மூடி, அதன் 'புரொப்பர்ட்டீஸ்' பகுதியில் 'அன்பிளொக்' என்பதைத் தெரிவுசெய்தல் வேண்டும். கோப்பு 'டொக்எக்ஸ்' வகையில் சேமிக்கப்பட்டிருப்பின் அதனுள் மக்ரோவே இராது. 'டொக்எம்' வகையில் வைத்திருத்தல் வேண்டும். அலுவலகத்தின் பொது விதியால் தடுக்கப்பட்டிருந்தால், கணினிப் பொறுப்பாளரையே நாடுக. எவ்வகையாயினும் முதலில் மூன்று வினாக்கள்: இதை இயற்றியவர் யார்? இது என்ன செய்கிறது? மூலக்கோப்பின் படியொன்றை எடுத்து வைத்தோமா?

இவ்வளவு அக்கறை எதற்கு எனச் சிலர் கேட்கலாம். மலையகப் பாடசாலைகளின் விழா மலர்கள், நாடகப் பிரதிகள், மாணவர் கவிதைகள் ஆகியவற்றுள் நூலாக வெளிவராதவை பல. பாமினிக் கோப்பிலேயே அவை கிடந்தால், தமிழில் தேடுவோருக்கு அகப்படா. எழுத்துரு மறைந்த நாளில் வாசிக்கவும் இயலா. நூல்நிலையங்கள் குறைந்த தோட்டப்புறத்துக்கு இது சிறிய இழப்பன்று.

யூனிகோட்டில் தமிழ் 1991 இலேயே இடம்பெற்றுவிட்டது. இனி எழுதுவதையேனும் அதில் எழுதுவோமாக. பழையவற்றை மாற்றும் பணியைப் பாடசாலைதோறும் ஆசிரியர் ஒருவர் பொறுப்பேற்று, இரு மாணவரையும் உடன் சேர்த்துக்கொள்ளட்டும். அப்பணி நிறைவுறும் நாளில் இந்த மக்ரோவும் வேண்டியதில்லை. அதற்கிட்ட பூட்டைப் பற்றிய கவலையும் வேண்டியதில்லை.