சைலன்சர் என்றாலே கொலைகாரன் சமாச்சாரமா?

போன ஞாயிற்றுக்கிழமை கோட்டை மைதானத்தில் நடையை முடித்துவிட்டு வழக்கமான டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். பேச்சு எப்படியோ அமெரிக்காவுக்குத் தாவியது. அங்கே 2026 ஜனவரி 1 முதல் துப்பாக்கி சைலன்சருக்கு இருந்த 200 டாலர் வரியைப் பூஜ்யம் ஆக்கிவிட்டார்கள் என்று நான் சொன்னதுதான் தாமதம், நம் கோஷ்டியின் ரிட்டயர்ட் தமிழாசிரியர், "அப்போ இனிமே சத்தமே இல்லாம சுட்டுட்டுப் போயிடலாம்னு சொல்லுங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அன்றைக்கு இடது காதில் மெஷின் போட மறந்திருந்தேன். சிரிப்பு பாதிதான் கேட்டது. பதில் சொல்லவும் முடியவில்லை. ஆகவே வாத்தியாரே, பதிலை இங்கே எழுதுகிறேன். நிதானமாகப் படியுங்கள்.

நான் 1971ல் பட்டாளத்தில் சேர்ந்தவன். நம் வேலூர்ப் பக்கம் இது ஒன்றும் பெருமைப்பட வேண்டிய செய்தி இல்லை, தெருவுக்கு நாலு பேர் இருக்கிறோம். எனக்குக் கிடைத்தது ஆர்மரர் ட்ரேடு. அதாவது துப்பாக்கி மெக்கானிக். 24 வருஷம் பழைய .303, அப்புறம் எஸ்.எல்.ஆர். என்று பேரல், போல்ட், ஸ்பிரிங்கோடுதான் குடித்தனம். ரிப்பேர் செய்த ஒவ்வொரு துப்பாக்கியையும் ரேஞ்சுக்குக் கொண்டுபோய்ச் சுட்டுப் பார்க்க வேண்டும். காதுக்குப் பஞ்சு. சில நாள் அதுவும் கிடையாது. காதைப் பொத்திக்கொள்பவனைப் பார்த்து மற்றவர்கள் சிரிப்பார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, அன்றைக்கு எங்கள் அறிவு அவ்வளவுதான்.

அந்த ரக ரைஃபிள் ஒன்று வெடிக்கும்போது சுடுபவன் காதருகே ஏறக்குறைய 160 டெசிபல். திடீர்ச் சத்தத்துக்கு 140 டெசிபல்தான் எல்லை என்கிறார்கள் காது வைத்தியர்கள். 20 தானே அதிகம் என்று நினைக்காதீர்கள். டெசிபல் கணக்கில் பத்து ஏறினால் சத்தத்தின் சக்தி பத்து மடங்கு, இருபது ஏறினால் நூறு மடங்கு. முதலில் போவது கீச்சுக் குரல்கள். ச, த, ப எல்லாம் ஒன்றாகிவிடும். வீடியோ காலில் பேத்தி "தாத்தா, பூ" என்றாளா, "ஷூ" என்றாளா எனக்குத் தெரியாது. சிரித்துத் தலையாட்டுவேன். அவளுக்கு ஆறு வயது. தாத்தா சும்மா தலையாட்டுகிறார் என்று கண்டுபிடித்துவிட்டாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். 2024ல் டெக்சாஸில் மகள் வீட்டில் நாலு மாதம் இருந்தேன். பக்கத்து வீட்டுக்காரர் துப்பாக்கிப் பிரியர். மாப்பிள்ளை என்னை அறிமுகப்படுத்தும்போது, "எங்க மாமா ஆர்மி ஆர்மரர்" என்று சொல்லிவிட்டார். அவ்வளவுதான், மனிதர் என்னைக் கேரேஜுக்கே கூட்டிக்கொண்டு போய்விட்டார். டூரிஸ்ட் விசாவில் போனவன் அங்கே துப்பாக்கியைக் கையில் வாங்கக் கூடாது, சட்டம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

ஏ.ஆர்.-15 ரகம். பேரல் பதினாலரை அங்குலம். அதன் முனையில் மரை போட்டு ஒரு ஃப்ளாஷ் ஹைடர் மாட்டியிருந்தது. வெடிக்கும்போது முனையில் தெறிக்கும் தீப்பிழம்பைச் சிதறடிக்கும் வாய்ப்பூட்டு அது. எங்கள் எஸ்.எல்.ஆரிலும் உண்டு, ஸ்பேனர் போட்டால் கழன்றுவிடும். இவருடையதில் மட்டும் பக்கவாட்டில் ஒரு துளை போட்டு, உள்ளே பின் இறக்கி, மேலே வெல்டிங் வைத்திருந்தார்கள். மிளகு அளவு வெல்டிங்.

"இது எதுக்கு?" என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே விளக்கினார். அந்த நாட்டுச் சட்டப்படி ரைஃபிள் பேரல் குறைந்தது 16 அங்குலம் இருக்க வேண்டும். போல்ட்டை மூடி, முனை வழியாக ஒரு குச்சியை விட்டு, போல்ட் முகத்தில் இடித்ததும் அடையாளம் போட்டு உருவி அளப்பார்கள். முனையில் மாட்டிய உருப்படி நிரந்தரமாக ஒட்டியிருந்தால் அதன் நீளமும் கணக்கில் சேரும். கழற்ற முடிந்தால் சேராது. நிரந்தரம் என்றால் எது என்பதையும் எழுதி வைத்திருக்கிறார்கள்: முழுச் சுற்று வெல்டிங், அதிக வெப்பத்தில் உருகும் வெள்ளிப் பற்றாசு, அல்லது இந்த மாதிரிப் பின் அடித்து மேலே வெல்டிங். இது மூன்றில் ஒன்று இருந்தால் சட்டப்படி சரியான ரைஃபிள். இல்லாமல், பதிவும் செய்யாமல் வைத்திருந்தால் பத்து வருஷம் வரை சிறை.

மிளகு அளவு வெல்டிங்குக்கு இந்தப் பக்கம் கௌரவமான குடிமகன், அந்தப் பக்கம் பத்து வருஷக் கைதி. துப்பாக்கி அதே துப்பாக்கி, தோட்டா அதே தோட்டா, ஆளும் அதே ஆள்.

ஒரு ஆர்மரருக்கு இதைப் பார்த்தால் வயிறு எரியும். குழல் வாயின் விளிம்பில் சின்னப் பிசிறு இருந்தாலும் குறி தவறும். அதைப் பார்க்க முனை உருப்படியைக் கழற்ற வேண்டாமா? அந்த ரகத்தில் பேரல்மேல் உட்கார்ந்திருக்கும் கேஸ் பிளாக்கும் முனை வழியாகத்தான் வெளியே வரும். வெல்டிங் வைத்துவிட்டால் அதையும் எடுக்க முடியாது. கிரைண்டரைப் போட்டுத் தேய்த்து, பின்னைத் துளைத்து எடுத்து, வேலை முடிந்ததும் மறுபடி அடிக்க வேண்டும். பேரலைத் துப்பாக்கியிலிருந்து பிரிக்காமல் அதைக் கழற்றினால் அந்த நிமிஷமே குற்றம். பராமரிப்பைக் குற்றமாக்கிய சட்டத்தை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இந்த 16 எங்கிருந்து வந்தது? 1934ல், கள்ளச்சாராயக் கும்பல்கள் ஆட்டம் போட்டு ஓய்ந்த காலத்தில், ஒரு சட்டம் கொண்டுவந்தார்கள். முதல் வரைவில் கைத்துப்பாக்கிக்கும் பதிவு, வரி எல்லாம் இருந்தது. அப்படியானால் ரைஃபிளை அறுத்துக் கைத்துப்பாக்கி ஆக்கி ஏமாற்றுவார்களே என்றுதான் குட்டைப் பேரலையும் சேர்த்தார்கள். கடைசியில் எதிர்ப்பு வந்து கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டார்கள். குட்டைப் பேரல் மட்டும் தங்கிவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போன பிறகும் மாப்பிள்ளைத் தோழன் மணவறையில் உட்கார்ந்திருக்கிற கதை. இன்றைக்கும் நாலு அங்குலப் பேரல் உள்ள பிஸ்டலைக் கடையில் விசாரணை முடித்து வாங்கிவிடலாம். பதினைந்தே முக்கால் அங்குல ரைஃபிள் மட்டும் பயங்கர ஆயுதம். முதலில் ரைஃபிளுக்கு 18 அங்குலம் என்றார்கள், 1960ல் 16 ஆக்கினார்கள். இடையிலிருந்த அந்த இரண்டு அங்குலத்தில் எந்தக் கொலைகாரன் திருந்தினான் என்று தெரியவில்லை.

1994ல் இன்னொரு கூத்து. சில ரக ரைஃபிள்களைத் தடை செய்தபோது மடக்குக் கட்டை, பிஸ்டல் பிடி, சங்கீன் மாட்டும் கொக்கி, ஃப்ளாஷ் ஹைடர் என்று ஒரு பட்டியல் போட்டு, இதில் இரண்டு இருந்தால் தடை என்றார்கள். கம்பெனிக்காரர்கள் கொக்கியை ராவி, மரையை நீக்கி அதே ரைஃபிளை விற்றார்கள். சிலர் ஃப்ளாஷ் ஹைடருக்குப் பதில் மசில் பிரேக்கை வெல்டிங் வைத்தார்கள். 2004ல் அந்தத் தடை காலாவதியானது.

இந்த மசில் பிரேக்கைப் பற்றித்தான் எனக்குப் பெரிய சண்டை. பக்கத்து வீட்டுக்காரர் ஒருநாள் ரேஞ்சுக்கு அழைத்துப் போனார். பார்க்க மட்டும்தான். மெஷினைக் கழற்றிவிட்டுக் காதடைப்பான் போட்டுக்கொண்டேன். அடுத்த பெஞ்சில் ஒருவர் பெரிய பிரேக் மாட்டிய ரைஃபிளோடு வந்தார். பிரேக் என்பது முனையில் வெளிவரும் வாயுவைப் பக்கவாட்டிலும் பின்னாலும் திருப்பிவிடும், தோளில் உதை குறையும். உதை குறைகிறது, சரி. சத்தம் எங்கே போகும்? பின்னால் இருப்பவன் காதுக்குத்தான். ஒவ்வொரு வெடிக்கும் நெஞ்சில் யாரோ உள்ளங்கையால் அறைந்த மாதிரி இருந்தது. அந்த உருப்படிக்குப் பதிவு இல்லை, வரி இல்லை, விண்ணப்பம் இல்லை. பக்கத்தில் இருப்பவனின் காதைக் கெடுக்கும் சாமானைக் கடையில் வாங்கி மாட்டலாம். காதைக் காப்பாற்றும் சாமானுக்குக் கைரேகை, புகைப்படம், பதிவு. இப்போது வரி மட்டும் போயிருக்கிறது. மற்றதெல்லாம் அப்படியேதான்.

வாத்தியாரே, "சத்தமில்லாமல்" என்றீர்களே. அது சினிமா. வில்லன் குழாயைத் திருகி மாட்டுவான், "புஸ்" என்று சைக்கிள் டியூப் மாதிரி ஒரு சத்தம், ஆள் காலி. நிஜத்தில் ரைஃபிள் சைலன்சர் 20லிருந்து 35 டெசிபல் வரை குறைக்கும். குறைத்த பிறகும் 130ஐத் தாண்டும். அதுபோக, ரைஃபிள் குண்டு ஒலியைவிட வேகமாகப் போவதால் காற்றைக் கிழிக்கும் சவுக்குச் சத்தம் ஒன்று தனியாக வரும். எந்தச் சைலன்சராலும் அதை அடக்க முடியாது. தெருவே கேட்கும். சுடுபவன் செவிப்பறைக்கு மட்டும் கொஞ்சம் கருணை.

இதைக் கண்டுபிடித்தவர் ஹிராம் பெர்சி மேக்சிம். 1909ல் காப்புரிமை வாங்கினார். மோட்டார் வண்டிப் புகைக்குழாய்க்கும் அதே யுக்திதான். அதனால்தான் நம் ஊர் மெக்கானிக்குகூட பைக்கில் இருப்பதைச் சைலன்சர் என்கிறார். (அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஆற்காடு ரோட்டில் பறக்கும் பையன்களை நாம் திட்டுகிறோம். அங்கே கழற்றினால் குற்றம், இங்கே மாட்டினால் குற்றம்.) அவருடைய அப்பா யார் தெரியுமா? மேக்சிம் மெஷின் கன்னைச் செய்தவர். சுட்டுச் சுட்டுக் கடைசியில் அவர் காது செவிடாகிவிட்டது.

நீங்கள் அடுத்து என்ன கேட்பீர்கள் என்று தெரியும். 2019ல் வர்ஜீனியா பீச்சில் ஒருவன் 12 பேரைக் கொன்றானே, பிஸ்டலில் சைலன்சர் இருந்ததே? இருந்தது. அதை மறைத்துவிட்டு வாதாட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் அவன் துப்பாக்கிகளையும் சட்டப்படிதான் வாங்கியிருந்தான். அந்த ஆள் கையில் துப்பாக்கி எப்படிப் போனது என்பதல்லவா கேள்வி? அங்கே 2017ல் காது பாதுகாப்பு என்ற பெயரிலேயே ஒரு மசோதா வந்தது. பெயர் சரி. ஆனால் அதற்குக் கொடி பிடித்தவர்களில் பலர், வாங்கும் ஆளை விசாரிப்பதையும் எதிர்ப்பவர்கள். அவர்களோடு நான் இல்லை. ஆளை நூறு தடவை விசாரியுங்கள், பயிற்சி கேளுங்கள், லைசென்ஸ் கொடுக்காமலே இருங்கள். கொடுத்துவிட்ட பிறகு அவன் குழாயின் கடைசி ஒன்றரை அங்குலத்தைக் குச்சி விட்டு அளப்பதால் யார் உயிர் பிழைக்கிறது? நார்வேயிலும் ஃபின்லாந்திலும் வேட்டைக்காரர்களுக்குச் சைலன்சர் சாதாரணப் பொருள். அங்கெல்லாம் துப்பாக்கி லைசென்ஸ் வாங்குவது லேசு இல்லை.

நம் சட்டமும் இந்த விஷயத்தில் ஒன்றும் யோக்கியம் இல்லை. 1959ஆம் வருஷத்து ஆயுதச் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். வெடிச்சத்தத்தையோ தீப்பிழம்பையோ குறைக்கும் துணைக்கருவி, துப்பாக்கி என்ற சொல்லுக்கு உள்ளேயே அடங்கும். சும்மா கிடக்கும் ஒரு இரும்புக் குழாய், அதுவே ஒரு துப்பாக்கி! சத்தத்தைக் கூட்டும் பிரேக்கைப் பற்றி அந்த வரியில் ஒரு வார்த்தை கிடையாது. பேரலை லைசென்ஸ் இல்லாமல் குட்டையாக்கக் கூடாது என்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. மறைத்துக்கொண்டு போவதற்குத்தான் அறுப்பார்கள். ஆனால் சத்தத்தைக் குறைப்பவன் எல்லாம் திருடன் என்ற நினைப்பு வெள்ளைக்காரன் விட்டுப்போனது, அதை நாம் துடைத்து வைத்துக்கொண்டிருக்கிறோம். அமெரிக்காவில் பட்டாளத்திலிருந்து திரும்பியவர்கள் வாங்கும் ஊன ஓய்வூதியத்தில் முதலிடம் காது இரைச்சலுக்கு. இங்கே நான் காட்டிய டாக்டர், "வயசானா அப்படித்தான் ஐயா" என்று அனுப்பிவிட்டார்.

போன மாதம் தெரிந்த பையன் ஒருவனுக்காக என்.சி.சி. பிள்ளைகள் .22 சுடுவதைப் பார்க்கப் போயிருந்தேன். எந்தக் கல்லூரி என்று எழுத மாட்டேன். இருபது பிள்ளைகள், ஒருவர் காதிலும் ஒன்றும் இல்லை. .22 சின்னத் துப்பாக்கிதான், ஆனாலும் கிட்டத்தட்ட 140. மறுநாள் ஐம்பது ஜோடி நுரை அடைப்பான் வாங்கிக்கொண்டு போய்ச் சொல்லிக்கொடுப்பவர் கையில் கொடுத்தேன். அவர் ஏதோ சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. பக்கத்திலிருந்த பையன் கையை வாயருகே குவித்து உரக்கச் சொன்னான்: "இதைப் போட்டா கமாண்ட் கேக்காதாம் தாத்தா!"

அடுத்த வாரம் மறுபடி போகப் போகிறேன். வாத்தியாரும் வருவதானால் வரட்டும், டீ என் கணக்கு.