மூன்று மனுக்களும் ஒரே பதிலும்

"அமெரிக்காவைப் பாருங்கள்! காடும் மேடுமாகக் கிடந்த நாடு ஐம்பதே ஆண்டுகளில் செல்வ நாடாகிவிட்டது. அங்கே உழைத்தவன் உயர்ந்தான், ஏழைக்கும் ஓட்டு கிடைத்தது, தேசம் வளர்ந்தது." இப்படி ஒரு கதையைப் புத்தகங்களிலும் படிக்கிறோம், மேடைகளிலும் கேட்கிறோம்.

கதை முழுப் பொய் அல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்கா வளர்ந்தது உண்மை. 1800-ல் அதன் ஜனத்தொகை 53 லட்சம், மாநிலங்கள் 16. 1840-ல் ஜனத்தொகை 1 கோடியே 70 லட்சம், மாநிலங்கள் 26. 1825-ல் திறந்த ஈரி கால்வாயின் நீளம் 363 மைல். ஏரிக்கரையிலிருந்து நியூயார்க் நகருக்கு ஒரு டன் சரக்கு கொண்டு செல்ல முன்பு சுமார் 100 டாலர் ஆயிற்று. கால்வாய் வந்த பின் சுமார் 10 டாலர். மண்வெட்டியும் வெடிமருந்தும் கொண்டு அதை வெட்டியவர்களில் பலர் அயர்லாந்திலிருந்து பிழைக்க வந்த கூலிகள்.

இவை சாதனைகளே. மறுக்க மாட்டோம். ஆனால் ஒன்று கேட்போம். தேசம் வளர்ந்தது என்றால், அதில் வளர்ந்தவர் யார்? எவர் நிலத்தில், எவர் உழைப்பில் வளர்ந்தார்கள்?

அந்த ஆண்டுகளில் மூன்று கூட்டத்தார் அமெரிக்க ஆட்சியாளரிடம் மனுக் கொடுத்தார்கள். நிலத்துக்காக ஒரு மனு. அடிமைகளின் விடுதலைக்காக ஒரு மனு. வேலை நேரத்துக்காக ஒரு மனு. மூன்றையும் ஒரே கயிறு கட்டியது. அது பருத்தியில் திரித்த கயிறு. பருத்தி பறிப்போரும் நூல் இழுப்போரும் அறிய வேண்டிய கதை இது.

நிலம் யாருடையது?

1803-ல் ஜனாதிபதி ஜெபர்சன் பிரான்சிடமிருந்து லூசியானாப் பிரதேசத்தை வாங்கினார். சுமார் 8,28,000 சதுர மைல். விலை ஒன்றரைக் கோடி டாலர். ஒரே கையெழுத்தில் நாட்டின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. நெப்போலியன் ஏன் விற்றான்? தாராள மனத்தாலா? இல்லை. ஹைட்டித் தீவில் கரும்புத் தோட்ட அடிமைகள் ஆயுதமேந்தி, அவன் அனுப்பிய பட்டாளத்தை முறியடித்தார்கள். 1804 ஜனவரி முதல் நாள் சுதந்திரம் பிரகடனம் செய்தார்கள். அந்தத் தீவு போன பின் அமெரிக்கக் கண்டத்தில் நிலம் வைத்திருந்து அவனுக்கு லாபமில்லை. அடிமைகளின் வீரத்தால் லாபமடைந்தது அமெரிக்க சர்க்கார். அந்த சர்க்கார் ஹைட்டிக்குக் காட்டிய நன்றி என்ன? 1862 வரை அதை ஒரு நாடாக அங்கீகரிக்கவே மறுத்தது!

வாங்கியவனும் விற்றவனும் பேரம் பேசினார்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த பூர்வகுடி மக்களை ஒருவரும் கேட்கவில்லை.

தென்கிழக்கே ஜார்ஜியா முதலிய பகுதிகளில் செரோக்கி மக்கள் வாழ்ந்தார்கள். "நாகரிகமடையுங்கள், உங்களை விட்டுவிடுகிறோம்" என்று அவர்களுக்குச் சொல்லப்பட்டது. அவர்கள் உழுதார்கள், பயிரிட்டார்கள். சிகோயா என்ற அறிஞர் 1821-ல் அவர்கள் மொழிக்கு எழுத்து வகுத்துத் தந்தார். 1827-ல் அரசியல் சட்டம் எழுதினார்கள். 1828-ல் சொந்த மொழியில் பத்திரிகை நடத்தினார்கள். இதற்கு மேல் என்ன நாகரிகம் வேண்டும்? ஆனால் பண்ணையார்களுக்கு வேண்டியது அவர்கள் நாகரிகமல்ல, அவர்கள் நிலம்.

1830-ல் பூர்வகுடிகளை மேற்கே அகற்றும் சட்டம் வந்தது. பிரதிநிதிகள் சபையில் 102 ஓட்டுக்கு 97 ஓட்டு. ஐந்தே ஓட்டு வித்தியாசம். 1832-ல் சுப்ரீம் கோர்ட், செரோக்கியர் நாட்டில் ஜார்ஜியாவின் சட்டம் செல்லாது என்றது. தீர்ப்பு காகிதத்தில் கிடந்தது. 1835-ல் ஒரு சிறு கோஷ்டியிடம் கையெழுத்து வாங்கி, அதையே ஒப்பந்தம் என்றார்கள். ஆயிரக்கணக்கான செரோக்கியர் அந்த ஒப்பந்தத்தை எதிர்த்துக் கையெழுத்திட்டு வாஷிங்டனுக்கு மனு அனுப்பினார்கள். இது முதல் மனு.

பதில் 1838-ல் வந்தது. பட்டாளம் வந்தது. சுமார் 16,000 பேரை வீட்டைவிட்டு இழுத்து, நூற்றுக்கணக்கான மைல் மேற்கே ஓட்டிச் சென்றார்கள். குளிரிலும் நோயிலும் பட்டினியிலும் சுமார் 4,000 பேர் மாண்டார்கள் என்று கணக்கிடுகிறார்கள். அதற்கு "கண்ணீர்ப் பாதை" என்று பெயர். அவர்களைப் போலவே கிரீக், சாக்டா, சிக்கசா மக்களும் விரட்டப்பட்டார்கள். அலபாமாவிலும் மிசிசிப்பியிலும் அவர்கள் விட்டுப் போன மண்ணில் பருத்தி முளைத்தது.

இயந்திரம் வந்தது; சாட்டை போகவில்லை

1793-ல் எலி விட்னி என்பவர் பருத்தியிலிருந்து கொட்டையைப் பிரிக்கும் அரைவை இயந்திரத்தைச் செய்தார். கையால் நாள் முழுதும் பிரித்த வேலை நொடியில் முடிந்தது. அடிமையின் பாரம் குறைந்திருக்க வேண்டுமல்லவா? நேர்மாறாக நடந்தது. அரைவை சுலபமானதும் பருத்தியில் லாபம் பெருகிற்று, பண்ணைகள் பெருகின, அடிமைகளும் பெருகினார்கள். 1790-ல் சுமார் 7 லட்சம் அடிமைகள். 1830-ல் 20 லட்சம். 1860-ல் ஏறத்தாழ 40 லட்சம். இயந்திரம் நல்லதா கெட்டதா என்று விவாதிப்பவர்கள் இதை நினைவில் வைக்கட்டும். அது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தே எல்லாம்.

1808 முதல் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளைக் கொண்டுவரத் தடை வந்தது. உள்நாட்டு வியாபாரத்துக்குத் தடையில்லை. பழைய புகையிலைப் பண்ணைகளிலிருந்து புதிய பருத்தி நிலங்களுக்கு, 1860-க்குள் சுமார் பத்து லட்சம் பேர் கொண்டு செல்லப்பட்டார்கள். தாய் ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் ஏலம் போனார்கள். மாலையில் ஒவ்வொருவர் கூடையும் நிறுக்கப்படும். எடை குறைந்தால் கங்காணியின் சாட்டை பேசும். 1830-களில் அமெரிக்காவின் ஏற்றுமதியில் ஏறத்தாழ பாதி இந்தப் பருத்திதான். தெற்கே பண்ணையார், நியூயார்க்கில் பாங்கு முதலாளி, கப்பல் முதலாளி, இங்கிலாந்தில் லங்காஷயர் ஆலை முதலாளி என்று எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு. பறித்தவனுக்கு மட்டும் இல்லை.

அடிமைகள் வாயில்லாப் பூச்சிகளாகவும் இருக்கவில்லை. 1811-ல் லூசியானாவிலும், 1831-ல் வர்ஜீனியாவில் நாட் டர்னர் தலைமையிலும் கிளர்ந்தெழுந்தார்கள். ரத்தத்தில் மூழ்கடிக்கப்பட்டார்கள்.

எஜமானர்களின் பேரம்

இத்தனைக்கும் நடுவே அரசியல் எப்படி நடந்தது? அடிமைக்கு ஓட்டில்லை. ஆனால் பிரதிநிதிகள் சபையில் இடங்களைப் பங்கிடும்போது ஐந்து அடிமைகளை மூன்று பேராகக் கணக்கிட்டார்கள்! அடிமையின் தலையை எண்ணி, எஜமானனுக்குப் பலம் கொடுத்தார்கள். முதல் ஏழு ஜனாதிபதிகளில் ஐவர் அடிமைகளின் சொந்தக்காரர்கள் என்பதில் வியப்பென்ன?

1820-ல் மிசௌரி மாநிலத்தைச் சேர்ப்பதில் தகராறு வந்தது. அடிமை மாநிலம் பதினொன்று, மற்றவை பதினொன்று என்று தராசு சமமாக நின்ற நேரம். மிசௌரியை அடிமை மாநிலமாகவும் மெய்னை அடிமையற்ற மாநிலமாகவும் சேர்த்து, பூகோளப் படத்தில் ஒரு கோடு கிழித்து, சமரசம் என்று பெயரிட்டார்கள். கோட்டுக்குத் தெற்கே விலங்கில் கிடந்தவர்களைப் பொறுத்தவரை அது எந்த விதத்தில் சமரசம்?

சுங்கவரி விஷயத்திலும் இதே பேரம்தான். இதில் நம் நாட்டு நெசவாளிக்கும் அடி விழுந்தது. அந்தக் காலத்தில் அமெரிக்க வணிகர்கள் கல்கத்தா முதலிய துறைமுகங்களிலிருந்து மலிவான இந்தியப் பருத்தித் துணியைக் கப்பல் கப்பலாக வாங்கிச் சென்றார்கள். மாசசூசெட்சில் ஆலை வைத்த பிரான்சிஸ் லோவெல் போன்றோருக்கு அது பிடிக்கவில்லை. 1816-ல் சட்டம் வந்தது. அந்நியப் பருத்தித் துணிக்கு நூற்றுக்கு 25 வரி. அதிலும் கெஜம் 25 சென்டுக்குக் குறைந்த துணியையும் 25 சென்ட் விலையுள்ளதாகவே பாவிக்க வேண்டும். அதாவது 10 சென்ட் துணிக்கு ஆறேகால் சென்ட் வரி. ஏழை உடுத்தும் துணி எதுவோ, அதற்கே வரி அதிகம். ஏற்கெனவே வெள்ளைக் கம்பெனியின் பிடியில் நசுங்கிய இந்தியக் கைத்தறியாளனுக்கு இன்னொரு சந்தையும் அடைபட்டது.

பின்னர் இந்த வரியைக் குறித்தே வடக்கு ஆலை முதலாளியும் தெற்குப் பண்ணையாரும் மோதிக்கொண்டார்கள். 1832-ல் தென் கரோலினா மாநிலம், வரிச் சட்டம் தன் எல்லைக்குள் செல்லாது என்று அறிவித்தது. 1833-ல் வரியைக் குறைத்துச் சமாதானமானார்கள். பருத்தி பறித்த கையைப் பற்றி இரு தரப்பும் பேசவில்லை.

ஓட்டு வந்தது, யாருக்கு?

1828-ல் ஆண்ட்ரூ ஜாக்சன் ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சாதாரண மனிதனின் தலைவர் என்று புகழப்பட்டவர். பெரும் பாங்கை எதிர்த்து நின்றவர். அந்தக் காலத்தில்தான் சொத்தில்லாத வெள்ளை ஆண்களுக்கும் பெரும்பாலான மாநிலங்களில் ஓட்டுரிமை கிடைத்தது. அது பெரிய வெற்றி. சொத்துள்ளவனே மனிதன் என்ற விதியை உடைத்தது சாமானியமல்ல.

ஆனால் அதே ஜாக்சன் நூற்றுக்கும் மேற்பட்ட அடிமைகளின் எஜமானன். செரோக்கியரை விரட்டிய சட்டத்தில் கையெழுத்திட்டவரும் அவரே. ஏழை வெள்ளையனுக்கு ஒரு கையால் ஓட்டைக் கொடுத்து, மறு கையால் கறுப்பனின் ஓட்டைப் பறித்தார்கள். 1821-ல் நியூயார்க் மாநிலம் வெள்ளையருக்குச் சொத்து நிபந்தனையைத் தளர்த்தியது. கறுப்பருக்கு மட்டும் 250 டாலர் சொத்து வேண்டும் என்றது. 1838-ல் பென்சில்வேனியா கறுப்பரின் ஓட்டை அடியோடு நீக்கியது. பெண்களுக்கோ எங்கும் இல்லை. "உனக்குச் சொத்தில்லாவிட்டால் என்ன? உன் தோல் வெளுப்பாயிற்றே!" என்று ஏழைக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். கூலி உயர்வைவிட மலிவான சரக்கு இது. முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லை.

அடிமை முறையை ஒழிக்கக் கோரி வடக்கே ஆயிரமாயிரம் ஆண்களும் பெண்களும் கையெழுத்திட்டார்கள். மூட்டை மூட்டையாக மனுக்கள் வாஷிங்டன் சேர்ந்தன. இது இரண்டாவது மனு. 1836 முதல் 1844 வரை பிரதிநிதிகள் சபை ஒரு விதி வைத்திருந்தது: அடிமை முறை பற்றிய மனு எதையும் விவாதிக்காமல் ஒதுக்கிவிட வேண்டும்! ஜனநாயகம் என்று மார்தட்டிய சபை தன் காதைத் தானே பொத்திக்கொண்டது.

ஆலைப் பெண்களின் குரல்

அடிமை பறித்த பஞ்சு எங்கே போயிற்று? பெரும் பகுதி இங்கிலாந்துக்கு; ஒரு பகுதி மாசசூசெட்சின் லோவெல் நகருக்கு. 1820-களில் எழுந்த அந்த ஆலை நகரில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் கிராமத்து விவசாயிகளின் பெண்கள். கம்பெனி விடுதியில் வாசம். இரவு பத்து மணிக்குக் கதவடைப்பு. காலையில் மணியடித்தால் ஓட்டம். நாளொன்றுக்கு 12 மணி நேரத்துக்கு மேல், வாரத்துக்குச் சுமார் 73 மணி வேலை. சொல்லாமல் விலகினால் கறுப்புப் பட்டியலில் பெயர். வேறு ஆலையிலும் இடமில்லை.

1834-ல் கூலியை வெட்டினார்கள். சுமார் 800 பெண்கள் தறியை நிறுத்தி வெளியேறினார்கள், தோற்றார்கள். 1836-ல் விடுதிச் செலவை ஏற்றியபோது இன்னும் அதிகமானோர் வெளியேறினார்கள். 1845-ல் சங்கம் கட்டி, பத்து மணி நேர வேலை கோரி, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட கையெழுத்துகளுடன் மாநிலச் சட்டசபைக்கு மனுக் கொடுத்தார்கள். சாரா பாக்லி முன்னின்றார். பெண்கள் நேரில் சென்று பஞ்சுத் தூசியையும், புழுக்கத்தையும், விளக்குப் புகையையும் பற்றிச் சாட்சி சொன்னார்கள். இது மூன்றாவது மனு. "இது முதலாளியும் தொழிலாளியும் பேசித் தீர்க்க வேண்டியது, சட்டத்தின் வேலையல்ல" என்று கமிட்டி கைகழுவிற்று. அந்த மாநிலத்தில் பெண்களுக்குப் பத்து மணி நேரச் சட்டம் வர 1874 வரை காக்க வேண்டியிருந்தது.

ஒரு விஷயம் கவனியுங்கள். லோவெல் ஆலைகள் நெய்த சரக்கில் ஒன்று, அடிமைகளுக்கென்றே செய்த முரட்டுத் துணி. அடிமை பறித்த பஞ்சை ஆலைப் பெண் நூற்று நெய்தாள். அதையே பண்ணையார் வாங்கி அடிமையின் மேல் போர்த்தினார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்ததில்லை. இருவர் வியர்வையும் ஒரே துணியில் இருந்தது. லோவெல் பெண்களில் பலர் இதை உணர்ந்தார்கள். அடிமை ஒழிப்பு மனுவிலும் அவர்கள் கையெழுத்து உண்டு.

பாடம் யாது?

1835-ல் பிலடெல்பியாவில் கரி சுமக்கும் அயர்லாந்துக் கூலிகள் பத்து மணி நேரம் கேட்டு வேலை நிறுத்தினார்கள். தச்சனும், கொத்தனும், செருப்புத் தைப்பவனும் "அவர்கள் கூலிகள்; நாங்கள் தொழில் தெரிந்தவர்கள்" என்று ஒதுங்கவில்லை; சேர்ந்து நின்றார்கள். சில வாரங்களில் வெற்றி கிடைத்தது. மூன்றே ஆண்டு கழித்து அதே மாநிலம் கறுப்பரின் ஓட்டைப் பறித்தது. தொழிலால் வந்த பிரிவினையைத் தாண்டிய கால்கள், தோலால் வந்த பிரிவினையைத் தாண்டவில்லை. அதற்கு அந்த நாடு கொடுத்த விலை பெரிது. 1861 முதல் 1865 வரை நடந்த உள்நாட்டுப் போரில் லட்சக்கணக்கானோர் மாண்ட பிறகே அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. அப்போதும் யாரும் சும்மா கொடுக்கவில்லை. சுமார் 1,80,000 கறுப்பு வீரர்கள் வடக்குப் படையில் நின்று போரிட்டார்கள்.

நிலம் கேட்டவனுக்குப் பட்டாளம். விடுதலை கேட்டவனுக்கு மௌனம். நேரம் கேட்டவளுக்கு உபதேசம். மூன்று மனுக்களுக்கும் பதில் ஒன்றே: "தேசம் வளர்கிறது, குறுக்கே நிற்காதே!"

ஆகவே, எந்த நாட்டிலாயினும் "தேச வளர்ச்சி" என்ற சொல்லைக் கேட்கும்போது நாம் மயங்கவும் வேண்டாம். வளர்ச்சியை வெறுக்கவும் வேண்டாம். கால்வாய் வேண்டும், ஆலை வேண்டும், இயந்திரம் வேண்டும். ஆனால் கணக்கைக் கேட்போம். நிலம் யாரிடமிருந்து வந்தது? கூலி யாருக்குப் போயிற்று? மனுக் கொடுத்தவன் கதி என்ன? பக்கத்தில் நிற்கும் உழைப்பாளியை நம்மைவிடத் தாழ்ந்தவன் என்று நமக்குச் சொல்லிக் கொடுப்பவன் யார்? அதனால் அவனுக்கு என்ன லாபம்? இந்தக் கேள்விகளை லோவெல் ஆலைப் பெண்ணும் கரோலினா அடிமையும் ஒரே இடத்தில் நின்று கேட்க முடிந்திருந்தால், அமெரிக்காவின் சரித்திரம் வேறு விதமாக எழுதப்பட்டிருக்கும்.