வெயிலில் உறையும் பனி

கோவளம் கடற்கரையில் நண்பகல் வெயிலில் நிற்பவரிடம், "இந்தக் காற்றிலும் பனிக்கட்டி உருவாகும்" என்று கூறினால் நகைப்பார். ஆயினும் அது உண்மையே!

மண்பானை நீர் ஏன் குளிர்கிறது? கசியும் நீர் ஆவியாகும்போது வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. சிறு விமானங்களின் கார்புரேட்டரிலும் இவ்வாறே நிகழ்கிறது. குறுகிய குழாயில் விரையும் காற்றும், ஆவியாகும் பெட்ரோலும் சேர்ந்து வெப்பநிலையை 30 டிகிரிக்கு மேலும் தாழ்த்திவிடக்கூடும். காற்றிலுள்ள ஈரம் உள்ளே பனியாகப் படிந்து வழியை அடைக்க, எஞ்சின் நின்றுவிடுகிறது. 38 டிகிரி வெயிலிலும் இது நேரலாம். எஞ்சின் வேகத்தைக் குறைத்து இறங்கும் வேளையில் ஆபத்து மிகுதி. 1958இல் முதன்முதலாகப் பறந்த நம் நாட்டுப் பயிற்சி விமானம் 'புஷ்பக்'கும் கார்புரேட்டர் எஞ்சின் கொண்டதே.

இதற்கு மாற்றும் உண்டு. புகைபோக்கியின் சூட்டில் வெப்பமேறிய காற்றை உள்ளே விடும் விசை ஒன்று விமானியின் கையருகே இருக்கிறது. அதை இழுத்ததும் எஞ்சின் முன்னிலும் அதிகமாக இருமக்கூடும். உருகிய நீர் உட்செல்வதே காரணம். அஞ்சி விசையை மூடுபவர் ஆபத்தை மீண்டும் அழைக்கிறார். சற்றே பொறுத்தவருக்கு எஞ்சின் சீராகிறது.

கசக்கிறதென்று மருந்தைத் துப்பிவிடலாகாது என்பதை விமானியும் கற்றாக வேண்டும்!