தாத்தா தொட்டிலில் தூங்குகிறார்

நமக்கெல்லாம் இங்கிலீஷ் ஓரளவு வரும். 'வித் ரெஃபரன்ஸ் டு தி அபவ்' எழுதுகிறோம். லீவு கேட்க வேண்டுமென்றால் 'சஃபரிங் ஃப்ரம் ஃபீவர்' தானாகக் கையில் வருகிறது. ஆனால் யாராவது, 'உன் வீட்டைப் பற்றி இங்கிலீஷில் கொஞ்சம் சொல்லப்பா' என்று கேட்டால் போச்சு. 'மை ஹவுஸ் ஈஸ் எ ஸ்மால் ஹவுஸ். இட் ஈஸ் வெரி நைஸ்.' அவ்வளவுதான். பிறந்து வளர்ந்த வீடு இரண்டே வாக்கியத்தில் இடிந்து விழுந்துவிடும்.

போனால் போகட்டும் என்று விட முடியாது. எங்கள் அருமனைப் பக்கம் நர்ஸிங் படித்த பிள்ளைகள் ஏராளம். இங்கிலாந்துக்கு நர்ஸ் வேலைக்குப் போக வேண்டுமானால் ஓ.இ.டி. அல்லது ஐ.இ.எல்.டி.எஸ். பரீட்சை தேற வேண்டும். இந்த ஐ.இ.எல்.டி.எஸ். 1989-ல் ஆரம்பித்தது. அதில் பேச்சுத் தேர்வு 11 முதல் 14 நிமிஷம். எதிரே ஒருவர் உட்கார்ந்து கேள்வி கேட்பார். ஆரம்பத்தில் அடிக்கடி கேட்பது என்ன தெரியுமா? 'நீ இருப்பது வீடா, ஃபிளாட்டா? அதில் உனக்குப் பிடித்த அறை எது?' நர்ஸ் வேலைக்கு இந்தப் பேச்சில் 7 மார்க் வேண்டும். மொத்தமே 9 தான். ஊசி போடத் தெரிந்தால் போதாது, உத்தரம் எது, கைமரம் எது என்றும் சொல்லத் தெரிய வேண்டும்.

பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன் இதற்காக என்னிடம் வந்தான். ஆண் நர்ஸ். நான் ஆபீசில் ஃபைல் எழுதுகிறவன் என்பதால் எனக்கு இங்கிலீஷ் தண்ணீர் பட்ட பாடு என்று அவனுக்கு ஒரு நம்பிக்கை. ஏதோ கைடில் இருந்ததை அப்படியே உருப்போட்டு வந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு ஒப்பித்தான். அவன் வீடு ஒரு அழகான காட்டேஜாம். முன்னால் புல்வெளியாம். ஹாலில் கணகணப்பான ஃபயர்ப்ளேஸாம்.

"மக்கா, உனக்க வீட்டுல ஃபயர்ப்ளேஸ் எங்கடே இருக்கு?" என்றேன்.

"அடுப்புதான் அண்ணே."

ரெண்டு மழையும் கொட்டுகிற ஊர். மழை விட்டால் வியர்வை. இங்கே ஃபயர்ப்ளேஸ் வைத்தால் கணப்புக்கு ஆகாது, ரப்பர் ஷீட் காயப்போடத்தான் ஆகும். உருப்போட்ட பதிலைக் கண்டுபிடிக்கிறதில் அந்தத் தேர்வாளர்கள் கெட்டிக்காரர்கள். மார்க்கும் போய்விடும். ஆகவே, முதல் பாடம்: சொந்த வீட்டைச் சொல்லு.

சொந்த வீட்டைச் சொல்லப் போனால்தான் கண்ணிவெடிகள் ஆரம்பம். காரணம், நாம் தினமும் பேசுகிற வீட்டு இங்கிலீஷ் கடல் தாண்டியதும் அர்த்தம் மாறிப்போகிறது.

'டெரஸ் வீடு' என்றால் நமக்குக் கான்கிரீட் வீடு. ஓட்டு வீட்டிலிருந்து டெரஸ் வீட்டுக்கு மாறினால் கல்யாணச் சந்தையில் மதிப்பே தனி. இங்கிலாந்தில் 'டெரஸ்டு ஹவுஸ்' என்றால் சுவரோடு சுவர் ஒட்டி வரிசையாக நிற்கும் வீடு, நம்ம அக்ரஹாரம் மாதிரி.

'பங்களா' என்றால் நமக்கு எஸ்டேட் முதலாளி, அல்சேஷன் நாய், கேட்டில் கூர்க்கா. அவர்களுக்கு பங்களா என்பது மாடியில்லாத வீடு, அவ்வளவே. மாடிப்படி ஏற முடியாத வயசானவர்கள் தேடிப் போவது.

'ஹால்' நமக்கு டி.வி. பார்க்கிற இடம். அவர்களுக்கு வாசல் கதவைத் திறந்ததும் வரும் நடை. 'விருந்தாளி வந்தால் நாங்கள் ஹாலில் படுப்போம்' என்று சொன்னால், செருப்பு விடும் இடத்தில் படுக்கிறதாக நினைத்துக் கண் கலங்குவார்கள். லிவிங் ரூம் என்றோ சிட்டிங் ரூம் என்றோ சொல்லுங்கள்.

'காட்' நமக்குக் கட்டில். இங்கிலாந்தில் அது கம்பி வைத்த குழந்தைக் கட்டில். 'என் தாத்தா காட்டில் தூங்குகிறார்' என்றால் தாத்தாவைத் தொட்டிலில் போட்டதாகிவிடும். பெட் என்று சொல்லித் தாத்தாவைக் காப்பாற்றுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது 'அவுட்ஹவுஸ்'. மெட்ராஸில் பேச்சிலர்கள் பலருக்கு அடைக்கலம் தந்த இடம். அமெரிக்கனிடம் போய், 'மூன்று வருஷம் ஒரு அவுட்ஹவுஸில்தான் இருந்தேன்' என்று சொல்லிவிடாதீர்கள். அங்கே அதற்கு வீட்டுக்கு வெளியே இருக்கும் கக்கூஸ் என்று அர்த்தம்.

சரி, அவர்கள் பொறாமைப்படும் வார்த்தை ஏதாவது நம்மிடம் உண்டா? உண்டு. 'டிடாச்டு ஹவுஸ்', யார் சுவரையும் தொடாமல் தனியாக நிற்கும் வீடு. சுற்றிலும் தோட்டம் இருந்தால் அது பணக்கார விஷயம். எங்கள் விளவங்கோடு பக்கத்தில் நெருக்கியடித்த தெரு எங்கே இருக்கிறது? அவனவன் விளையில் அவனவன் வீடு. சுற்றிலும் தென்னை, பலா, ரப்பர். லண்டனில் கோடீஸ்வரனுக்குக் கிடைக்கும் டிடாச்டு ஹவுஸ் அருமனையில் கறவை மாட்டுக்கும் உண்டு.

தாழ்வு மனப்பான்மையும் வேண்டாம். இங்கிலீஷ்காரன் வீட்டில் பாதி வார்த்தை இந்தப் பக்கம் வந்து அள்ளிப்போனதுதான். 1886-ல் யூல், பர்னெல் என்று இரண்டு பேர் 'ஹாப்ஸன்-ஜாப்ஸன்' என்றொரு அகராதி போட்டார்கள். பர்னெல் மெட்ராஸ் சர்க்காரில் உத்தியோகம் பார்த்தவர். இங்கிருந்த வெள்ளைக்காரர்கள் வாயில் புழங்கிய வார்த்தைகளெல்லாம் அதில் இருக்கின்றன. பங்களா என்பது வங்காள பாணி வீடு. 'கோடவுன்' மலாய் வழியாகச் சுற்றிப்போன சொல். அதன் வேர் நம்ம கிடங்கு என்கிறார்கள். திண்ணைக்கு மெட்ராஸ் துரைகள் வைத்த பெயர் 'பயால்'. சிரிக்காதீர்கள், போர்ச்சுகீசிலிருந்து வந்தது. திண்ணைப் பள்ளிக்கூடத்தை 'பயால் ஸ்கூல்' என்றே ரிப்போர்ட்டில் எழுதினார்கள்.

நாம் மட்டும் சும்மா இருந்தோமா? ஜன்னல், சாவி, அலமாரி, மேசை நாலும் போர்ச்சுகீஸ்காரனிடம் வாங்கியவை. வாங்கின கடனைத் திருப்பிக் கொடுத்ததாகத் தெரியவில்லை.

இன்னொரு கூத்து, தக்கலை பக்கம் இருக்கும் பத்மநாபபுரம் அரண்மனை. பூமுகம், நாலுகெட்டு, தாய்க்கொட்டாரம் என்று மரத்திலேயே இழைத்த வீடு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டோடு சேர்ந்துவிட்டது. ஆனால் அரண்மனையைப் பார்த்துக்கொள்வது இன்றைக்கும் கேரள அரசு. வீடு ஒரு மாநிலத்தில், வீட்டுக்காரர் இன்னொரு மாநிலத்தில். இதற்கு எந்த அகராதியிலும் வார்த்தை கிடையாது.

பையன் விஷயத்துக்கு வருகிறேன். "அண்ணே, அங்கணத்துக்கு இங்கிலீஷில என்ன?" என்றான். இல்லை. முற்றத்துக்கு? 'யார்டு' என்றால் பாதிதான் வரும். காலையில் பெருக்கி, நெல்லும் மிளகும் காயப்போட்டு, சாயங்காலம் பாய் விரித்துப் பேசுகிற சமாசாரம் அதில் அடங்காது. பையன் முகம் வாடிவிட்டது.

இங்கேதான் ஒரு நல்ல செய்தி. அந்தப் பரீட்சையில் மார்க் போடுவது நாலு விஷயத்துக்கு: தங்குதடையில்லாத பேச்சு, சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு. சொல்வளத்தில், ஒரு சொல் கைவசம் இல்லாதபோது அதைச் சுற்றிவளைத்து விளங்கவைக்கும் திறமைக்கும் மதிப்பு உண்டு. ஆகவே அங்கணத்துக்கு வார்த்தை இல்லையே என்று முழிக்க வேண்டாம். 'அடுக்களைக்குப் பக்கத்தில் பாத்திரம் கழுவ ஒரு இடம், தண்ணீர் வாழை மூட்டுக்குப் போய்விடும்' என்று சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னால் போதும். கைடில் இருக்கிற 'ஸ்பேஷியஸ்', 'பிக்சரெஸ்க்' எல்லாவற்றையும்விட இந்த வாழை மூடு உசத்தி.

அவனை அவன் வீட்டுத் திண்ணையிலேயே உட்கார வைத்துப் பேசச் சொன்னேன். தட்டுத்தடுமாறி ஆரம்பித்தான். ஓடு ஒழுகும்போது அம்மா வைக்கும் பாத்திரங்கள். அப்பா நட்ட பலா. அதே மரத்தில் ஒரு கிளையை வெட்டிச் செய்த கதவு. கிணற்றடிக் கல்லில் அவன் எழுதப் படித்தது. இரண்டு நிமிஷம் போனதே தெரியவில்லை.

அவன் அம்மா வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். 'மதர்', 'வெல்' இரண்டும்தான் பிடிபட்டிருக்கும்.

"எனக்க மவன் என்னவாக்கும் சொல்லுகான்?"

"இந்த வீட்டப் பத்தியாக்கும் அம்மா. பரீட்சையில கேப்பாங்க."

அந்த அம்மாள் கொஞ்ச நேரம் பேசவில்லை. "வீட்ட விட்டுப் போறதுக்கு வீட்டப் பத்தித்தான் சொல்லணுமா மக்களே?" என்றார்கள்.

பையன் புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்துவிட்டான். எனக்குத் தெரிந்த இரண்டு மொழியிலும் அதற்குப் பதில் இல்லை.

கடைசியாக ஒன்று. ஹவுஸுக்கும் ஹோமுக்கும் வித்தியாசம் என்ன என்று எல்லா கைடிலும் ஒரு பாடம் இருக்கும். ஒன்று செங்கல், இன்னொன்று அன்பு என்று முடித்துவிடுவார்கள். நம்ம கணக்கு வேறு. 'வீட்டுல கேட்டுச் சொல்றேன்' என்றால் செங்கலைக் கேட்பதில்லை, மனைவியைக் கேட்பது. 'வீட்டுக்காரர் வந்தார்' என்றால், வாடகையா வாழ்க்கையா என்பது சொல்கிற ஆளைப் பொறுத்தது.

ஆனால் இங்கிலீஷ்காரன் தூர தேசத்தில் உட்கார்ந்து ஏக்கத்தோடு 'ஹோம்' என்று சொல்கிறானே, அதற்கு நம்ம வார்த்தை வீடு இல்லை. ஊர். திருவல்லிக்கேணி மேன்ஷனில் இருக்கிறவனும் துபாய் கேம்ப்பில் இருக்கிறவனும் மேனேஜரிடம் லீவுக்கு நிற்கும்போது, 'ஊருக்குப் போகணும் சார்' என்றுதான் சொல்கிறான். அதை மொழிபெயர்க்கத்தான் 'நேட்டிவ் பிளேஸ்' என்று ஒரு இங்கிலீஷை நாமே கண்டுபிடித்தோம். இலக்கணமாக அது கொஞ்சம் இடிக்கலாம். ஆனால் லீவு கிடைத்துவிடுகிறது.