பாரிசவாயுவும் 4½ மணியும்

பாரிசவாயு கண்டவனை நம்மவர் முதலில் கொண்டுபோவது தைலம் தேய்ப்பவரிடம்! இம்மூடத்தனத்தைக் கண்டிக்கிறோம். ஆனால் படித்த வைத்தியர்களின் போக்கு மட்டும் என்ன வாழ்கிறது?

மூளை நாளத்தை அடைத்த இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தை, நோய் கண்ட 4½ மணி நேரத்துக்குள் ஏற்றவேண்டும். அடைப்பா, இரத்தக் கசிவா என்று முன்னதாக சி.டி. படம் பார்த்தே தீரவேண்டும். கசிவுக்கு அம்மருந்தைக் கொடுப்பது எமனுக்குத் துணைபோவதாகும்.

நம் தோட்டத்துத் தோழரொருவரை, வாய் கோணிய அரைமணிக்குள் ஒரு கிளினிக்கில் சேர்த்தோம். அங்கே மாத்திரை; பிறகு படமெடுக்கும் வசதியற்ற ஓர் ஆஸ்பத்திரிக்குச் சீட்டு; அங்கிருந்து மற்றோரிடம். ஒருவருக்கொருவர் டெலிபோன் செய்தாரில்லை. ஆறு மணி நேரம் கழித்துப் படமெடுத்தனர். அடைப்புத்தான்! செம்பனைக் குலை வெட்டிய வலக்கை இன்று சோற்றுக்கும் எழவில்லை.

ஒன்றுகூடி நோயை எதிர்ப்பது இம்மண்ணுக்குப் புதிதா? 1901-ல் கிள்ளானை மலேரியா வாட்டியபோது, டாக்டர் மால்கம் வாட்ஸன் கொயினா கொடுத்ததோடு நில்லாமல், சர்க்காரைக் கொண்டு சதுப்பை வடிக்கச் செய்தார். காய்ச்சல் அடங்கிற்று.

இன்று வேண்டுவது அத்தனை பெருஞ்செலவுமன்று. பிரிக்பீல்ட்ஸ் கிளினிக்கிலிருந்து பெரிய ஆஸ்பத்திரிக்கு, நோயாளி புறப்படுமுன் ஒரு டெலிபோன். படமும் மருந்தும் இரவிலும் கிடைக்கும் இடங்களின் பட்டியல், ஒவ்வொரு கிளினிக் மேஜையிலும். தோட்டத்து ஆபீஸ் சுவரில் அதைத் தொங்கவிடக் கிராணிகளாகிய நாம் தயார். எழுதித்தர டாக்டர்கள் தயாரா?