தலைப்பு இல்லாத பட்டியலை சுவத்துல ஒட்டாதீங்க!



நடவு, உரம், பூச்சின்னு எழுதற நான் இன்னைக்கு கம்ப்யூட்டர் பட்டியலைப் பத்தி எழுதப் போறேன். பத்தாவது படிச்சவனுக்கு எக்செல்லோட என்ன சண்டைன்னு கேப்பீங்க. சண்டை எக்செல்லோட இல்ல. அதுல அடிச்சு, பாதியும் குறையுமா அச்செடுத்து, நம்ம சுவத்துல ஒட்டிட்டுப் போறவங்களோடதான்.

நடந்ததைச் சொல்றேன். சம்பா கதிர் முத்தற நேரத்துல பேய்ஞ்ச மழையில எங்க பக்கம் வயலெல்லாம் படுத்துப் போச்சு. அதிகாரிங்க வந்து பாத்தாங்க, எழுதினாங்க. கொஞ்ச நாள்ல கணக்கெடுத்த வயல் எல்லாத்துக்கும் பட்டியல் ஒட்டினாங்க. ஆட்சேபணை இருந்தா மூணு நாளைக்குள்ள மனு குடுக்கணும்னு சொன்னாங்க. 33 சதவீதமோ அதுக்கு மேலயோ சேதம் இருந்தாத்தான் நிவாரணம். 2015-க்கு முன்னால இது 50 சதவீதமா இருந்துச்சு, அப்புறம்தான் குறைச்சாங்க. அதனால பட்டியல்ல சேத சதவீதம்ங்கிற ஒரு கட்டம்தான் நம்ம தலையெழுத்து.

எங்க தெரு கடைசி வீட்டுப் பெரியம்மாவுக்கு ஒரு ஏக்கருக்கு ஒரு சென்ட் குறைச்சலா நிலம். "தம்பி, என் பேரு இருக்கான்னு பாத்துச் சொல்லுப்பா"ன்னு என்னையக் கூட்டிட்டுப் போச்சு. அஞ்சாவது தாள்ல பேரு இருந்துச்சு. பேருக்குப் பக்கத்துல சர்வே நம்பர், அப்புறம் 28, கடைசியா 40. அந்தத் தாள்ல தலைப்பே கிடையாது. முதல் தாள்ல மட்டும்தான் தலைப்பு. அந்த முதல் தாள் மேல பாதியை மறைச்சு வேற ஒரு நோட்டீசை ஒட்டியிருந்தாங்க.

நான் என்ன நினைச்சேன்? முன்னால இருக்கிறது பரப்பு, கடைசியில இருக்கிறது சேதம்னு நினைச்சேன். "40 போட்டிருக்காங்க பெரியம்மா, கவலைப்படாதீங்க"ன்னு சொல்லி அனுப்பிட்டேன்.

பணம் வரலைன்னு ரெண்டு மாசம் கழிச்சு விசாரிச்சாத்தான் உண்மை தெரியுது. 28தான் சேத சதவீதம். 40ங்கிறது பரப்பு, ஏர் கணக்குல. ஒரு ஏர்னா ஏறக்குறைய ரெண்டரை சென்ட். 40 ஏர்னா 99 சென்ட். அன்னைக்கே மனசுக்குள்ள பெருக்கிப் பாத்திருந்தா எனக்கே புரிஞ்சிருக்கும். ஆனா ஏர் கணக்குல யாரு நிலத்தை நினைக்கிறோம்? மாவும் குழியும் சென்டுமா வளந்தவங்க நாம. பக்கத்து வயல்ல அதே தண்ணிதான் நின்னுச்சு, அதுக்கு 45 போட்டிருந்தாங்க. அந்த மூணு நாளைக்குள்ள மனு குடுத்திருந்தா திரும்ப வந்து பாத்திருப்பாங்க. இப்ப "காலம் கடந்துடுச்சு"ங்கிறாங்க. தப்பா படிச்சவன் நான், ஒத்துக்கிறேன். ஆனா தப்பா படிக்கிற மாதிரி ஒட்டினது யாரு?

கம்ப்யூட்டர் வர்றதுக்கு முன்னால கிராம நிர்வாக அலுவலர் கையில இருந்த அடங்கல் புத்தகத்தைப் பாத்தவங்களுக்குத் தெரியும். எந்தப் பக்கத்தைப் புரட்டினாலும் மேல கட்டத்துக்குக் கட்டம் தலைப்பு அச்சடிச்சிருக்கும். கையால எழுதின காலத்துல இருந்த ஒழுங்கு மிஷின் வந்த பிறகு எங்க போச்சு?

இந்த வேலை கஷ்டமோன்னு நினைச்சு, கம்ப்யூட்டர் சென்டர் வச்சிருக்கிற பையன்கிட்ட உக்காந்து கேட்டேன். ஒரு நிமிஷத்துல செஞ்சு காட்டினான். எக்செல்ல பேஜ் லேஅவுட், அதுல பிரிண்ட் டைட்டில்ஸ். "ரோஸ் டு ரிபீட் அட் டாப்"னு ஒரு கட்டம் இருக்கு. தலைப்பு இருக்கிற வரியை அதுல காட்டிட்டா, முதல் வரின்னா $1:$1னு விழும். அப்புறம் நூறு தாள் அச்செடுத்தாலும் நூறுலயும் தலைப்பு வரும். பிரிண்ட் பக்கத்துக்குள்ள போய் அங்கேர்ந்து திறந்தா அந்தக் கட்டம் மங்கலாத்தான் இருக்கும், பேஜ் லேஅவுட் வழியாத்தான் போகணுமாம். லிப்ரே ஆபீஸ்லயும் இந்த வசதி இருக்கு. ஃபார்மட், பிரிண்ட் ரேஞ்சஸ், எடிட். அவ்வளவுதான்.

இன்னொரு கூத்தும் இருக்கு. நூறு நாள் வேலைப் பட்டியலை கிராம சபையில வச்சாங்க. அகலமான பட்டியல், ஒரு தாள்ல அடங்கல. பேரெல்லாம் முன்னாடி தாள்ல, நாளும் கூலியும் பின்னாடி தாள்ல. பின்னாடி தாள்ல வெறும் நம்பர்! யாருக்கு எத்தனை நாள்னு ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். அதுக்கும் வழி அதே இடத்துல இருக்கு. "காலம்ஸ் டு ரிபீட் அட் லெஃப்ட்"ல பேரு இருக்கிற பத்தியைக் காட்டினா ஒவ்வொரு தாள்லயும் இடது பக்கம் பேரு வரும்.

சிலபேரு "ஹெடிங்ஸ்"னு இருக்கிறதை டிக் பண்ணிட்டு, தலைப்பு வந்துடுச்சுங்கிறாங்க. அது மேல ஏ, பி, சின்னும் ஓரத்துல 1, 2, 3ன்னும் போடும், அவ்வளவுதான். "எஃப் பத்தி, 143-வது வரி தப்பு"ன்னு மனுவுல குறிச்சுக் காட்ட அது உதவும். ஆனா எஃப்னா சதவீதமா பரப்பான்னு அது சொல்லாது. ரெண்டும் வேணும்.

தாள் வீணாகும்னு ஒருத்தர் சொன்னாரு. ஒரு தாளுக்கு ஒரு வரிங்க! நேரமில்லைன்னு இன்னொருத்தர். ஒரு தடவை வச்சு சேமிச்சா அந்த ஃபைல்லயே இருக்கும். "நெட்ல இருக்கே, பாத்துக்கலாமே"ன்னு மூணாவது ஆளு. எழுபது வயசுப் பெரியம்மாவை நெட்ல பாக்கச் சொல்றதா இருந்தா, சுவத்துல எதுக்கு ஒட்டுறீங்க?

2005-ல வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தோட 4-வது பிரிவைப் படிச்சுப் பாருங்க. நாம கேக்காமலே தகவலை வெளியிடணும், அதுவும் உள்ளூர் மொழியில, அந்தப் பகுதி மக்களுக்கு நல்லா போய்ச் சேர்ற விதமா குடுக்கணும்னு இருக்கு. தலைப்பில்லாத அஞ்சாவது தாள் யாருக்குப் போய்ச் சேந்துச்சு? ஒட்டினோம்னு கணக்குக் காட்ட மட்டும்தான் ஆச்சு.

உறவுகளே, அடுத்த கிராம சபையில நான் மனு குடுக்கப் போறேன். எங்க ஊர்ல ஒட்டுற எந்தப் பட்டியலா இருந்தாலும் எல்லாத் தாள்லயும் தலைப்பும் பேரும் இருக்கணும், பரப்பை ஏக்கர் சென்ட்லயும் போடணும்னு கேக்கப் போறேன். நீங்களும் உங்க ஊர்ல கேளுங்க. அதுவரைக்கும், உங்க பேரு இருக்கிற தாளை போட்டோ எடுக்கும்போது முதல் தாளையும் சேத்து எடுங்க. தலைப்பைப் பாக்காம யாருக்கும் படிச்சுச் சொல்லாதீங்க.

நான் சொன்னேன். பெரியம்மா இப்பவும் என்னையப் பாத்தா ஒண்ணும் சொல்றதில்ல. "சாப்பிட்டியா தம்பி"ன்னுதான் கேக்குது. அதுதான் எனக்குத் தாங்கல.